ரயில் அட்டவணையில் ஒரு சந்தை: மூர் மார்க்கெட்டின் வரலாறு

சென்னையிலிருந்து அரக்கோணத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் போகும் புறநகர் மின்சார ரயில்கள் சென்ட்ரலை ஒட்டி மேற்கே உள்ள ஒரு தனி முனையத்திலிருந்து புறப்படுகின்றன. ரயில்வே அட்டவணையில் அந்த முனையத்துக்கு 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்று பெயர். அங்கே மார்க்கெட் எதுவும் இல்லை. இருப்பவை நடைமேடைகளும், பல மாடி உயர்ந்த ரயில்வே கட்டடமும், முன்பதிவுக் கூடமும்தான். 1900 முதல் 1985 வரை அந்த இடத்தில் சிவப்புச் செங்கல்லில் கட்டிய ஒரு மாநகராட்சி அங்காடி இருந்தது. சென்னைக்குப் போய் வந்தவர்கள் ஊரில் வந்து சொல்லும் கதைகளில் கடற்கரைக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் அடுத்தபடி அதற்கு இடம் உண்டு. திருவரங்குளம் போன்ற ஊர்களிலிருந்து புதுக்கோட்டையில் ரயிலேறி விடியற்காலை எழும்பூரில் இறங்கியவர்களுக்கு அது நடந்தே போய்ச் சேரக்கூடிய தொலைவு.

இந்த அங்காடியின் கதை, அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, வேறோர் இடத்தில் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்த ஸ்டீபன் போபம் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர், இன்றைய ஜார்ஜ் டவுனில் கழிவுநீர் தேங்கிய ஒரு பள்ளத்தைச் சீராக்கி அதன் மேல் அகலமான ஒரு சாலையை உருவாக்கினார். போபம்ஸ் பிராட்வே என்று பெயர் பெற்ற அந்தச் சாலைதான் இப்போது பிரகாசம் சாலை. அங்கே அமைந்த சந்தை நகரத்தோடு சேர்ந்து வளர்ந்தது. வளர வளர நெரிசலும் அழுக்கும் ஏறின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இறைச்சியும் மீனும் காய்கறியும் ஒரே இடுக்கில் விற்கப்படும் அந்தச் சந்தையை இனியும் அங்கே வைத்திருக்க முடியாது என்ற முடிவுக்கு மாநகராட்சி வந்தது.

அந்த முடிவு சென்னை தனியாக எடுத்ததன்று. காலராவும் பிளேக்கும் அஞ்சப்பட்ட அந்தக் காலத்தில் சந்தை என்பது வியாபார விஷயம் மட்டுமாக இருக்கவில்லை. சுகாதார விஷயமாகவும் இருந்தது. கூரை, கல் பாவிய தரை, வடிகால், பொருளுக்கேற்ற தனித்தனிப் பகுதி, கண்காணிக்க ஓர் அதிகாரி ஆகியவற்றோடு நகராட்சியே அங்காடி கட்டித் தரவேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியிருந்தது. பாரிசின் லே ஆல் அங்காடி இரும்பிலும் கண்ணாடியிலும் எழுந்தது இந்த எண்ணத்தில்தான். பம்பாயில் 1869இல் கிராஃபர்டு மார்க்கெட் கட்டி முடிக்கப்பட்டது. ஆர்தர் கிராஃபர்டு அந்நகரின் முதல் மாநகராட்சி ஆணையர். கல்கத்தாவில் 1874இல் திறந்த நியூ மார்க்கெட்டுக்கு அந்நகராட்சித் தலைவர் ஸ்டூவர்ட் ஹாக்கின் பெயர் வைக்கப்பட்டது. மூன்று மாகாணத் தலைநகரங்களில் கடைசியாக இந்த வழிக்கு வந்தது சென்னை. அதுவும் அதே மரபில் தன் மாநகராட்சித் தலைவரான லெப்டினன்ட் கர்னல் சர் ஜார்ஜ் மூரின் பெயரையே அங்காடிக்குச் சூட்டியது.

1898இல் மூர் அடிக்கல் நாட்டினார். ஆர். இ. எல்லிஸ் வரைந்த திட்டப்படி ஏ. சுப்பிரமணிய ஐயர் கட்டினார். 1900இல் ஆளுநர் சர் ஆர்தர் ஹாவ்லாக் திறந்துவைத்தார். கட்டடத்தின் பாணி, அன்றைய சென்னைக்கே உரித்தாகிவிட்ட இந்தோ-சாரசெனிக். மேல்நாட்டுக் கட்டுமான முறையின் மேல் முகலாய வளைவுகளையும் கும்மட்டங்களையும் இந்திய அலங்காரங்களையும் பொருத்திய கலப்புப் பாணி அது. 1892இல் முடிந்த உயர்நீதிமன்றக் கட்டடமும், அதற்கு முந்திய செனட் ஹவுசும் அதன் பெரிய எடுத்துக்காட்டுகள். புதுக்கோட்டைக்காரர்கள் இந்தப் பாணியைப் பார்க்கச் சென்னைக்குப் போகவேண்டியதில்லை. தொண்டைமான் மன்னர்களின் புது அரண்மனை, இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்கும் அந்தக் கட்டடம், அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வேறுபாடு பொருளில்: இங்கே கருங்கல், அங்கே செங்கல்.

மூர் மார்க்கெட்டின் அமைப்பு எளிமையானது. நடுவில் திறந்த வெளி. அதைச் சுற்றி நாற்புறமும் கடை வரிசை. கடைகளுக்கு முன்னால் வளைவுகள் வைத்த தாழ்வாரம். பிரித்தானியப் பொறியாளர் வரைந்த திட்டம் என்றாலும் முற்றம் வைத்த வீட்டில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அது அந்நியமாகத் தெரிந்திருக்காது. நடுவெளியால் காற்றும் வெளிச்சமும் உள்ளே இறங்கின. தாழ்வாரத்தில் மழையிலும் வெயிலிலும் நின்று பேரம் பேசலாம். வந்தவர் ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே போனால் கடை ஒன்றையும் தவறவிடாமல் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம்.

அங்காடி எழுந்த இடத்துக்கும் தனி வரலாறு உண்டு. 1859இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரும் பூங்கா சென்ட்ரலுக்குப் பின்னால் உருவாக்கப்பட்டது. 116 ஏக்கர் பரப்பு; குளங்கள், உலாவும் சாலைகள், வாத்திய மேடை. எட்வர்டு பால்ஃபர் 1855இல் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியிருந்த மிருகக்காட்சி சாலையும் சில ஆண்டுகளில் இங்கே வந்தது. ஊர்ப்புறத்து மக்கள் அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். ஒன்றில் பாடம் செய்த உடல்கள், மற்றதில் உயிருள்ள விலங்குகள். அருங்காட்சியகம் முதலில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இருந்ததால் வந்த 'காலேஜ்' அது. பட்டணம் போனவர் இரண்டு காலேஜையும் பார்த்தாரா என்பது ஊர் திரும்பியதும் கேட்கப்படும் முதல் கேள்வி. உயிர் காலேஜுக்கு வந்தவர்கள் அப்படியே மூர் மார்க்கெட்டுக்குள்ளும் நுழைந்தார்கள். அங்காடியின் நல்ல காலத்தில் பாதி இந்த அண்டை வீட்டாரால் வந்தது.

அதே பூங்காவில்தான் ஆண்டு இறுதியில் பார்க் ஃபேர் என்ற பெருங்காட்சி நடந்துவந்தது. 1886ஆம் ஆண்டின் கடைசி நாளில் அதன் கீற்றுப் பந்தல்களில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பின்னாளில் அங்காடியை அழித்த தீ அந்த நிலத்துக்குப் புதியதன்று.

உணவுப் பொருள்களுக்காகக் கட்டப்பட்ட அங்காடி நாளடைவில் வேறொன்றாக ஆனது. நகரத்தின் காய்கறி மொத்த வியாபாரம் ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடியிலேயே நிலைத்துவிட்டது. 1996இல் கோயம்பேடு வரும்வரை அது அங்கிருந்து அசையவில்லை. மூர் மார்க்கெட்டின் தாழ்வாரங்களை நிரப்பியவை ஏற்கெனவே ஒருவர் கையில் இருந்து பழகிய பொருள்கள்: பழைய மேசை நாற்காலி, கிராமபோன் பெட்டி, தட்டுகள், கடிகாரம், பித்தளைச் சாமான், தையல் இயந்திரத்தின் உதிரிப் பாகம், கேமரா, கழற்றிய பூட்டுக்குப் பொருந்தும் சாவி. ஊரைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்கார அதிகாரிகளின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போய் அங்கிருந்து இங்கே வந்தன. பக்கத்திலேயே கிளிகள், புறாக்கள், லவ் பேர்ட்ஸ், வெள்ளெலி, முயல், நாய்க்குட்டி, கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன். பெற்றவர்களைத் தவிர வேறு எதையும் அங்கே வாங்கிவிடலாம் என்பது சென்னையில் வழங்கிய பேச்சு.

விலை ஒட்டிய பொருள் அங்கே அரிது. கடைக்காரர் சொன்ன விலையில் கால்வாசியிலிருந்து தொடங்கவேண்டும் என்று அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். வாங்குபவர் பத்தடி நடந்துபோனால் பின்னாலிருந்து அழைப்பு வரும். வராவிட்டால் கேட்டது உண்மையிலேயே குறைவு என்று பொருள். ஏமாந்த கதைகளும் ஏராளம். ஆனால் இந்தப் பேரத்தை ஏமாற்று என்று மட்டும் சொல்வது சரியாகாது. ஒரு பழைய பொருளுக்கு அச்சிட்ட விலை இருக்க முடியாது. அது தேவைப்படும் ஒருவர் எதிரே வந்து நிற்கும்போதுதான் அதன் மதிப்பே பிறக்கிறது. கடைக்காரர் பொருளைப் பார்ப்பதைவிட வாங்க வந்தவரின் முகத்தைக் கூர்ந்து பார்த்ததற்குக் காரணம் அதுதான்.

மூர் மார்க்கெட் தமிழ் அறிவுலகத்துக்குச் செய்த பெரிய காரியம் அதன் பழைய புத்தகக் கடைகள். ஜூன் மாதம் பள்ளி, கல்லூரி திறக்கும் வாரங்களில் அங்கே நிற்க இடமிருக்காது. போன வருடப் பாடநூலை விற்று இந்த வருடத்துப் பாடநூலை வாங்க மாணவர்கள் வருவார்கள். அரைவிலைக்கு ஒரு மருத்துவ நூலோ பொறியியல் நூலோ கிடைத்தால் படிப்பைத் தொடரக்கூடிய நிலையில் இருந்த ஏழை மாணவர்களுக்கு அந்தத் தாழ்வாரம் நூலகத்துக்குச் சமம். மற்ற மாதங்களில் வந்தவர்கள் வேறு வகை: எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே தேட வந்தவர்கள். ஆள் உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்களின் நடுவிலிருந்து ஒன்றை உருவினால் மேலே உள்ளது சரியும். அட்டையைத் திறந்தால் முதல் பக்கத்தில் யாரோ ஒருவரின் கையெழுத்து, அதன் கீழே தேதி, சில சமயம் மூடிப்போன ஒரு வாசகசாலையின் ஊதா முத்திரை. அதற்கும் மேலே மூலையில் பென்சிலால் கடைக்காரர் போட்ட குறி. அந்தக் குறியின் பொருள் அவருக்கு மட்டுமே தெரியும்.

அந்தச் சுற்றுவட்டாரமே மலிவு அச்சுக்குப் பேர் போனது. பார்க் டவுனை ஒட்டிய குஜிலி பஜாரில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிறு பாட்டுப் புத்தகங்கள், கொலைச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு, பஞ்சக் கும்மி போன்றவை, 'குஜிலி நூல்கள்' என்ற தனிப் பெயரையே பெற்றன. மதிக்கத்தக்க நூலகங்கள் எவையும் அவற்றைச் சேர்த்துவைக்கவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூலில் அவற்றை ஆராய்ந்த பிறகே அவை வரலாற்று ஆவணங்கள் என்பது பலருக்கும் விளங்கியது. இப்படிப்பட்ட வெளியீடுகள் பிழைத்திருப்பதற்குப் பழைய புத்தகக் கடைகளும் அங்கே சலிக்காமல் அலைந்த தனி மனிதர்களுமே காரணம்.

அவர்களில் ஒருவர் புதுக்கோட்டைக்குப் பக்கத்துச் சீமைக்காரர். காரைக்குடியை அடுத்த கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சென்னையில் தொழில் செய்த காலத்தில் மூர் மார்க்கெட்டுப் புத்தகக் கடைகளில் அவருக்குத் தொடங்கிய சேகரிப்புப் பழக்கம் வாழ்நாள் முழுதும் விடவில்லை. புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கழித்துக்கட்டியதையெல்லாம் கோட்டையூர் வீட்டில் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்புதான். மூர் மார்க்கெட் எரிந்தபோது அங்கே இருந்த புத்தகங்கள் போயின. அதற்கு முன்பே அங்கிருந்து வெளியேறிய புத்தகங்கள் பிழைத்தன.

திருவரங்குளத்தாருக்கு இதில் வேறொரு நினைவும் வரலாம். இந்த ஊரிலிருந்து கிடைத்த சோழர் கால நடராசர், சதுர தாண்டவக் கோலத்தில் இரண்டு முழங்கால்களையும் மடக்கி ஆடும் அந்தச் செப்புத் திருமேனி, டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரைவிட்டுப் போன துயரம் ஒருபுறம் இருக்க, திருமேனி இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். கட்டடத்துக்கு அந்த வழி கிடையாது. நின்ற நிலத்தில் நின்றால்தான் அது உண்டு.

நிலம்தான் மூர் மார்க்கெட்டுக்கு வினையானது. 1873இல் கட்டிய சென்ட்ரல் நிலையம் தொலைதூர ரயில்களுக்கு உரியது. நகரம் வடக்கேயும் மேற்கேயும் நீண்டு, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வழியில் தினமும் வேலைக்கு வந்துபோகிறவர்கள் பெருகியபோது, புறநகர் ரயில்களுக்குத் தனி முனையம் தேவைப்பட்டது. முன்பதிவுக்குப் பெரிய கூடமும் வேண்டியிருந்தது. சென்ட்ரலுக்குக் கிழக்கே வால்டாக்ஸ் சாலை, தெற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை, வடக்கே தண்டவாளங்கள். விரிய இருந்த ஒரே பக்கம் மேற்கு. அங்கே நின்றது மூர் மார்க்கெட். 1980களின் முற்பகுதியிலேயே அந்த இடத்தை ரயில்வேக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். பரம்பரையாக அதே கடையில் உட்கார்ந்தவர்களுக்கு, வாடிக்கையாளர் தேடிவரும் அந்த மூலையே முதல். மாற்றுக் கடை என்பது வெறும் நான்கு சுவர்.

இழுபறி தீருமுன், 1985 மே 30இல் மூர் மார்க்கெட் தீப்பிடித்தது. காகிதமும் மரமும் துணியும் நிறைந்த கடைகள். தாழ்வாரங்களில் இடமின்றிப் பெருகியிருந்த தட்டிகள். தீ உள்ளே இருந்ததை எல்லாம் தின்றது. வெளிச்சுவர்கள் கருகி நின்றன. இடத்தைக் காலி செய்யச் சொல்லும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில் இது நேர்ந்ததால், தீ தானாகப் பிடித்ததில்லை என்ற சந்தேகம் வியாபாரிகளிடையே எழுந்தது. அது இன்றும் சென்னையில் பேசப்படுகிறது. பேச்சு வேறு, நிரூபணம் வேறு. யார் மீதும் பழி சுமத்த இந்த வரலாற்றில் இடமில்லை. ஆனால் தீயை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடவும் முடியாது. அதைக் காட்ட ஓர் ஒப்பீடு போதும்.

அதே 1985ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தா நியூ மார்க்கெட்டிலும் பெருந்தீ மூண்டு ஒரு பகுதி அழிந்தது. அதுவும் செங்கல் கட்டடம். அதுவும் நகராட்சித் தலைவர் பெயரில் அமைந்த அங்காடி. மூர் மார்க்கெட்டைவிட 26 ஆண்டு மூத்தது. கல்கத்தாவில் எரிந்த பகுதியைத் திரும்பக் கட்டினார்கள். நியூ மார்க்கெட் இன்றும் நடக்கிறது. சென்னையில் மிஞ்சிய சுவர்களை இடித்து நிலத்தை ரயில்வேக்குக் கொடுத்தார்கள். இரண்டு தீக்கும் உள்ள வித்தியாசம் வெப்பத்தில் இல்லை. கல்கத்தா அங்காடியின் அடிநிலத்துக்கு வேறொரு திட்டம் காத்திருக்கவில்லை, சென்னையில் காத்திருந்தது. எரிந்த அளவு இரு நகரிலும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும், மீண்டும் கட்டலாமா என்ற கேள்வி சென்னையில் உரக்க எழவே இல்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது.

எழாததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி தொன்மைச் சின்னம் என்று ஒன்றைப் பாதுகாக்க அதற்கு நூறு வயதாவது ஆகியிருக்கவேண்டும். மூர் மார்க்கெட்டுக்கு அப்போது 85 வயது. கட்டட மரபைக் காக்கக் குரல் கொடுக்கும் இன்டாக் அமைப்பு தோன்றியதே 1984இல்தான். கோயிலும் கோட்டையும் அரண்மனையும் காக்கப்படவேண்டியவை என்பதில் யாருக்கும் ஐயமில்லாத அந்த நாளில், ஒரு கடைத்தெருக் கட்டடமும் அப்படிப்பட்டதே என்று சொல்ல ஆளில்லை. தமிழ்நாட்டில் மரபுக் கட்டடங்களுக்கென ஓர் ஆணையம் அமைக்கும் சட்டம் 2012இல்தான் இயற்றப்பட்டது.

மூர் மார்க்கெட் எரிந்த இரண்டு மாதத்துக்குள், 1985 ஜூலையில், வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டு உயிர் காலேஜும் நகரைவிட்டு அகன்றது. பீப்பிள்ஸ் பார்க்கின் எஞ்சிய நிலத்தில் விளையாட்டரங்கம் போன்றவை இடம்பிடித்தன. பட்டணம் பார்க்க வந்தவர்களின் நூறாண்டுப் பாதை ஒரே கோடையில் மாறிவிட்டது. அங்காடியோடு எப்போதும் சேர்த்துப் பேசப்படும் தீயை விட இந்த இடமாற்றம் குறைவாகவே நினைவில் நிற்கிறது. வியாபாரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே அளவு கனமான அடிகள்.

கடை இழந்தவர்களுக்கு அருகிலேயே அல்லிக்குளம் இருந்த இடத்தில் மாநகராட்சி ஒரு மாடிக் கட்டடத்தை ஒதுக்கியது. பழைய புத்தகக்காரர்களில் பலர் அங்கே போனார்கள். சுற்றிவரும் தாழ்வாரம் அங்கே இல்லை. போகிற போக்கில் நுழைகிறவர்களும் இல்லை. படியேறி வரவேண்டிய கடைக்குத் தேவையோடு வருபவர்தான் வருவார். எதையும் வாங்கும் எண்ணமின்றி வந்து எதையாவது வாங்கிப் போகிறவர்களால் வாழ்ந்த வியாபாரம் அது. மெல்ல மெல்லப் புத்தகங்கள் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், அண்ணா சாலை நடைபாதைகளுக்குச் சிதறின. வண்ண மீன் வாங்க இப்போது கொளத்தூருக்குப் போகிறார்கள். ஒரே முற்றத்தைச் சுற்றி இருந்தவை நகரம் முழுதும் பரவிவிட்டன.

சென்னையின் பிற வணிகக் கட்டடங்களுக்கும் இதே காலத்தில் சோதனை வந்தது. மவுண்ட் ரோட்டில் 1895இல் டபிள்யூ. என். போக்சன் வடிவமைப்பில் எழுந்த ஸ்பென்சர் கட்டடம், மூர் மார்க்கெட்டுக்கு ஓரிரு ஆண்டு முன்பே தீக்கிரையானது. அந்த இடத்தில் 1991இல் ஸ்பென்சர் பிளாசா வந்தது. அதே சாலையில் 1897இல் மருந்து வணிகர் டபிள்யூ. இ. ஸ்மித்துக்காகக் கட்டிய கார்டைல் கட்டடம், பின்னாளில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம், 2006இல் இடிக்கத் தொடங்கப்பட்டபோது இன்டாக் நீதிமன்றம் போய்த் தடுத்தது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் அதைக் காக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. மூர் மார்க்கெட்டுக்கும் கார்டைல் கட்டடத்துக்கும் நடுவிலுள்ள கால் நூற்றாண்டில் ஒரு நகரம் தன் கடைகளைப் பார்த்த பார்வை அவ்வளவு மாறியிருந்தது.

புறநகர் முனைய வளாகத்தில், வாகனங்கள் நிறுத்தும் இடத்துக்கு அருகே, மூர் மார்க்கெட்டின் சிறிய மாதிரி ஒன்று வைக்கப்பட்டது. சிவப்பு நிறம், வரிசையாக வளைவுகள், சின்னஞ்சிறு கோபுரங்கள். மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கடந்துதான் போகிறார்கள். பயணச்சீட்டில் இருக்கும் பெயர் அந்தப் பொம்மைக் கட்டடத்துடையது என்பது அவர்களில் சிலருக்குத் தெரியும்.